மழைக்கு ஒரு பழைய லோடு வண்டி

நேயர்களுக்கு வணக்கம். மன்னார்குடியில் நெடுநாளாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஐப்பசி நெருங்கினால் கிராமத்திலிருந்து வருகிறவர்கள் என்னைக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, பழைய வண்டி ஒண்ணு பாத்திருக்கேன், வந்து பாத்துச் சொல்றீங்களா?" குறுவை நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டும், சம்பாவுக்கு உரம் வர வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் வாடகை வண்டி கூப்பிட்ட நேரத்துக்கு வராது. அதனால் சொந்தமாக ஒன்று வேண்டும் என்கிற ஆசை நியாயமானதுதான். அவர்களுக்கு நான் சொல்கிற முதல் பதில்: எஞ்சினை அப்புறம் பார்க்கலாம், முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்.

காரணம் இருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே கடல். நாகப்பட்டினத்தில் மீன், வேதாரண்யத்தில் உப்பு. இந்த இரண்டையும் சுமந்த வண்டிகள் சில வருஷம் கழித்து மேலே பெயிண்ட் அடித்துக்கொண்டு உள்பக்கத்து ஊர்களுக்கு விற்பனைக்கு வரும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர் அப்படி ஒரு வண்டியைக் காட்ட அழைத்துப் போனார். பார்க்க லட்சணமாக இருந்தது. டயருக்கு பாலிஷ், கேபினுக்குப் புது சீட் கவர், அடியில்கூடக் கறுப்புப் பெயிண்ட். தம்பிக்குப் பிடித்துவிட்டது, கையில் அட்வான்ஸ் பணத்தோடு நின்றார். நான் டார்ச்சும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கீழே படுத்தேன். வண்டியின் அடிச்சட்டமான சேஸை முன்பக்கம் தட்டினால் 'டங்' என்று கேட்டது. பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் தட்டினேன், 'சொத்' என்றது. இன்னொரு தட்டு, அப்பளம் போலத் துரு பெயர்ந்து முகத்துப் பக்கத்தில் விழுந்தது. சேஸின் உள்மடிப்பில் விரலை விட்டுத் துழாவினேன். காய்ந்த மீன் செதில்கள் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தன.

மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி உப்புத் தண்ணீராக ஒழுகும். தினமும் ஒழுகும். அது சரக்கு ஏற்றும் தொட்டியின் இடுக்கு வழியாக இறங்கி சேஸின் மடிப்புக்குள் தங்கிவிடும். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போகாது. மழைக்காலத்து ஈரக் காற்று பட்டதும் அது மறுபடி நீர்த்து இரும்பைத் தின்னும். உள்ளேயிருந்து வெளியே அரிப்பதால் மேல் பெயிண்ட் கடைசிவரை நன்றாகவே தெரியும். ஆகவே சொல்கிறேன், தட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும். அந்தத் தம்பி பிறகு கும்பகோணத்தில் வாழை இலை ஏற்றிய வண்டி ஒன்றை வாங்கினார். பக்கவாட்டில் கீறல், ஒரு கதவில் ஒடுக்கு. அடிப்பாகம் மட்டும் கெட்டி. இன்றும் ஓடுகிறது.

வெள்ளத்தில் முங்கிய வண்டியும் இதே ரகம்தான். 2015 டிசம்பரிலும், 2023-இல் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்று பார்த்தோம். அப்படிப்பட்டது எந்த ஊரில் விலைக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் விட்டுவிடுங்கள். பின் ஆக்சில் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள், வெளுத்துக் குழம்பியிருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

சரி, டயர். ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். நம் சமவெளிக்கு அது வேண்டாம், எடையும் கூடும், டீசலும் கூடும். நல்ல டயர் போதும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3221 என்றால் 2021-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் செய்தது. தரையைப் பிடிக்கும் பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிட்டால் ஈரத்தில் பிடிக்காது. இன்னொன்று, வாய்க்கால் கரைக் களிமண்ணில் சறுக்குவது பெரும்பாலும் காலி வண்டி. பின்னால் கனம் இல்லாததால் சக்கரம் சும்மா சுற்றும். காலியாகத் திரும்பும்போது பின் ஆக்சிலுக்கு மேலே இரண்டு மணல் மூட்டை கிடக்கட்டும்.

டீசல் விஷயத்துக்குத்தான் நிறைய நேரம் ஒதுக்கியிருந்தேன், கடிகாரம் முந்திக்கொண்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் லோடுக்கு ஏற்ற வண்டி எடுங்கள். 2005-இல் வந்த டாடா ஏஸ், நம் குட்டி யானை, முக்கால் டன் வண்டி. கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பம் 18 ஏற்றலாம். ஒன்றேகால் டன் அசோக் லேலண்ட் தோஸ்த் என்றால் 31. தினமும் பத்து மூட்டைக்காகப் பெரிய பொலிரோ பிக்கப் வாங்கினால் காலியாக ஓடும் எடைக்கும் சேர்த்து டீசல் போடுவீர்கள். சின்ன வண்டியில் அளவுக்கு மீறி ஏற்றினாலும் அதே நஷ்டம், கூடவே பட்டையும் உடையும்.

ஓட்டிப் பார்த்து நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாகக் கொதித்தால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. மைலேஜை விழுங்குவது அதுதான், மழையில் வண்டியை ஒரு பக்கம் இழுப்பதும் அதுதான். வண்டி பார்க்கப் போனால் எஞ்சினை ஆறிய நிலையில்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும், சூடாக இருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது. நீங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். மைலேஜுக்கு விற்பவர் வாய்ச்சொல் வேண்டாம். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போடுங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். காகிதம் பற்றி ஒரு வார்த்தை. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஃபைனான்ஸில் எடுத்த வண்டி என்றால் கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். பணம் கொடுக்கும் முன் சேஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். துருவில் அந்த எண் அழிந்திருந்தால் எஃப்.சி.யில் வண்டி நின்றுவிடும். நன்றி, வணக்கம்.