அரசனா, மக்களா? கார்லிஸம் பட்டிமன்றத்தில் ‘மக்களே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

ஸ்பெயினில் 1833இல் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் உயிரோடிருந்த கத்தோலிக்க மரபுவாத அரசியல் இயக்கம் கார்லிஸம். அதைத் தாங்கி நின்றது அரசனா, மக்களா என்பதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ‘அரசனே’ என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். இளவரசர் கார்லோஸுக்குப் பட்டம் கிடைக்கவில்லை, அதனால் சண்டை வந்தது, இதில் மக்கள் எங்கே வந்தார்கள் என்று கேட்டார்.

சரி, அவர் கதையிலிருந்தே தொடங்குகிறேன். மன்னர் ஏழாம் பெர்னாண்டோவுக்கு மகன் இல்லை. பெண்கள் பட்டத்துக்கு வருவதைத் தடுத்த பழைய சட்டத்தை 1830இல் ஒதுக்கிவைத்தார். 1833 செப்டம்பர் 29 அன்று அவர் கண்ணை மூடியபோது, மகள் இசபெலுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. தாய் மரியா கிறிஸ்தினா மகள் பெயரில் ஆட்சியை ஏற்றார். பட்டம் தனக்கே என்று பெர்னாண்டோவின் தம்பி கார்லோஸ் கிளம்பினார். பங்காளிச் சண்டைதான், ஒப்புக்கொள்கிறேன். பங்காளிச் சண்டை இல்லாத அரண்மனை எங்கே இருக்கிறது? ஆனால் அவற்றில் எத்தனை, நூறாண்டு ஓடின?

அந்தச் சமயத்தில் கார்லோஸ் போர்ச்சுகலில் இருந்தார். கையில் படையும் இல்லை, பணமும் இல்லை. 1834 ஜூலையில் அவர் வட ஸ்பெயினில் பாஸ்க் மாகாணங்களை ஒட்டியிருக்கும் நவார்ராவுக்கு வந்து சேர்ந்தபோது, சுமலகார்ரெகி என்ற பாஸ்க் தளபதி விவசாயிகளையும் மலையூர்ப் பையன்களையும் திரட்டி மாதக்கணக்கில் போரிட்டுக்கொண்டிருந்தார். அரசன் படையைக் கூட்டி வரவில்லை நடுவர் அவர்களே. படை இருந்த இடத்துக்கு அரசன் வந்து சேர்ந்தார்!

அவர்கள் ஏன் போரிட்டார்கள்? பாஸ்க் மாகாணங்களுக்கும் நவார்ராவுக்கும் ‘ஃபுவெரோஸ்’ என்று பரம்பரை உரிமைகள் இருந்தன. தலைநகர் மாட்ரிட்டின் சுங்கச்சாவடி பிரெஞ்சு எல்லையில் அல்ல, உள்ளே எப்ரோ ஆற்றுப் பக்கம் இருந்தது. அதனால் வெளிநாட்டுச் சரக்கு அவர்களுக்கு மலிவாகக் கிடைத்தது. மற்ற ஊர்ப் பிள்ளைகளைப் போல அவர்கள் பிள்ளைகளைக் கட்டாயமாகப் படைக்கு இழுத்துப் போக முடியாது. மாட்ரிட்டின் தாராளவாதிகள் வந்து, நாடு முழுவதும் ஒரே சட்டம் என்றார்கள். 1836இல் பிரதமர் மெந்திசாபல் மடங்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டார். கையில் காசு இருந்தவன் வாங்கினான். தலைமுறை தலைமுறையாக மடத்து நிலத்தைக் குத்தகைக்கு உழுதவனுக்குப் புது முதலாளி வந்தான். பறிபோனது தன் சாமி மட்டுமல்ல, தன் வயலும்தான் என்று ஊர்க்காரனுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. ‘கடவுள், தாய்நாடு, ஃபுவெரோஸ், அரசன்’ என்று அவர்கள் முழங்கிய வரிசையில் அரசன் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார் என்று எதிரணி விரல்விட்டு எண்ணிப் பார்க்கட்டும்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கை நல்ல கேள்வி ஒன்றைப் போட்டார். 1838இல் முன்யாகோரி என்ற பாஸ்க்காரர் ‘அமைதியும் ஃபுவெரோஸும்’ என்று கொடி பிடித்தாரே, கார்லோஸை விட்டுவிட்டு உரிமைகளை மட்டும் வாங்கிக்கொள்வோம் என்றாரே, அவர் பின்னால் ஏன் கூட்டம் போகவில்லை என்றார். போகவில்லைதான். ஆனால் முன்யாகோரிக்குப் பணம் கொடுத்தது மாட்ரிட், ஆதரவு கொடுத்தது இங்கிலாந்து. எந்த மாட்ரிட் தன் உரிமையைப் பறிக்கிறது என்று ஒருவன் பயப்படுகிறானோ, அதே மாட்ரிட்டின் காசில் வந்தவரை அவன் நம்புவானா? அடுத்த ஆண்டு என்ன ஆயிற்று என்பதைத் தங்கை சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார், நான் சொல்கிறேன். 1839 ஆகஸ்ட் 31 அன்று கார்லிஸத் தளபதி மரோத்தோவும் அரசுத் தளபதி எஸ்பார்த்தெரோவும் பெர்காரா என்ற பாஸ்க் ஊரில் ஒப்பந்தம் முடித்துக் கட்டித் தழுவிக்கொண்டார்கள். அந்த ஒப்பந்தத்தின் முதல் பிரிவே ஃபுவெரோஸ் பற்றியது. கார்லோஸின் பட்டத்தைப் பற்றி யாரும் பேரம் பேசவில்லை. அரசரை யாரும் கேட்கவும் இல்லை. இரண்டு வாரத்தில் அவர் பிரான்சுக்குள் போய்விட்டார். கிழக்கே கார்லிஸத் தளபதி கப்ரேரா மட்டும் 1840 வரை தாக்குப்பிடித்தார்.

இப்போது எதிரணிக்கு உண்மையிலேயே சங்கடமான இடத்துக்கு வருகிறேன். அதற்குள் மணியை அடித்துவிடாதீர்கள் நடுவர் அவர்களே.

கார்லோஸுக்குப் பின் மூத்த மகன் வந்தார். 1861இல் அவர் வாரிசு இல்லாமல் இறந்தார். அடுத்த முறை, இன்னொரு மகன் குவானுக்கு. ரத்த உறவுப்படி பார்த்தால் கேள்வியே இல்லை, அவர்தான் அரசர். ஆனால் குவான் தாராளவாதியாகிவிட்டார், இசபெலை அரசியாகவும் ஏற்றுக்கொண்டார். என்ன செய்வது? 1864இல் கார்லோஸின் விதவை, பெய்ரா இளவரசி, ஸ்பானியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். குவானுக்கு இவர் சிற்றன்னை, தாயின் அக்காள் என்பதால் பெரியம்மாவும் இவரே. (குடும்ப மரம் வரைந்து பார்க்காதீர்கள், தலை சுற்றும்.) கடிதத்தின் சாரம் இதுதான்: பிறப்பால் மட்டும் ஒருவர் முறையான அரசர் ஆகிவிட மாட்டார், கொள்கையோடு நடந்தால்தான் அரசர். குவானை விட்டுவிட்டு அவர் மகனிடம் போனார்கள், அவர்தான் ஏழாம் கார்லோஸ். வாரிசு உரிமைக்காகப் பிறந்ததாக எதிரணி சொல்லும் இயக்கம், வாரிசு உரிமைப்படி வந்தவரையே வெளியே நிறுத்தியது. எழுதியது அரண்மனைப் பெண்தானே என்பீர்கள். கேட்டு நடக்க வெளியே ஆள் இல்லையென்றால் அந்தக் கடிதத்துக்கு என்ன மதிப்பு?

அந்த ஏழாம் கார்லோஸ் 1872இல் போருக்கு ஆள் திரட்டியபோது கத்தலோனியா, அரகோன், வலென்சியா மக்களுக்கு என்ன வாக்குக் கொடுத்தார்? பதினெட்டாம் நூற்றாண்டில் பறிபோன உங்கள் பழைய உரிமைகளைத் திருப்பித் தருகிறேன் என்றார். 1875இல் பாஸ்க் உரிமைகளின் புனித ஊரான கெர்னிகாவுக்கே போய் ஃபுவெரோஸைக் காப்பேன் என்று சத்தியம் செய்தார். 1876 பிப்ரவரியில் தோற்று எல்லை தாண்டினார். வென்ற மாட்ரிட் அதே ஆண்டு ஜூலையில் சட்டம் போட்டுப் பாஸ்க் மாகாணங்களின் விலக்குகளை ஒழித்தது. தண்டனை யார் வீட்டில் விழுந்தது என்று பாருங்கள்.

நாங்கள் ‘மக்களே’ என்று சொல்வதைப் பாராட்டு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1936 ஜூலையில் நவார்ராவின் சிவப்புத் தொப்பிக்காரர்கள், அதாவது கார்லிஸத்தின் ரெகெத்தே படையினர், ஊர் ஊராகக் கிளம்பி, குடியரசு அரசுக்கு எதிரான தளபதி மோலாவின் கலகத்தில் சேர்ந்தார்கள்; உள்நாட்டுப் போர் மூண்டது. போர்முனையே இல்லாத அந்த நவார்ராவில் ஆயிரக்கணக்கான குடியரசு ஆதரவாளர்களும் இடதுசாரிகளும் கொல்லப்பட்டார்கள். ரெகெத்தேக்களுக்கும் அதில் கை இருந்தது. எங்கள் வாதத்தை ஏற்றால் அந்தப் பழியையும் ஊர்க்காரர்கள் தலையில்தான் ஏற்ற வேண்டும். ஏற்றுகிறோம். அரசன் சொன்னான், நாங்கள் செய்தோம் என்று தப்பிக்க முடியாது. ஏனென்றால் அரசர் அப்போது ஆஸ்திரியாவில் இருந்த 86 வயது முதியவர். அல்போன்சோ கார்லோஸ் என்ற அவர் வியன்னாவில் வாகனம் மோதி, 1936 செப்டம்பர் 29 அன்று, பிள்ளை இல்லாமல் இறந்தார். பெர்னாண்டோ இறந்த அதே தேதி! நேரடி வாரிசு வரிசை அன்றோடு முடிந்தது. படை கலைந்ததா? கலையவில்லை. போர் முடியும்வரை நின்றது.

பதிலுக்கு, கலகத்தின் தலைவராகிவிட்ட தளபதி பிராங்கோ என்ன கொடுத்தார்? 1937 ஏப்ரலில் ஓர் ஆணை போட்டு அவர்களைப் பாசிசக் கட்சியான ஃபலாங்கேவோடு ஒன்றாகச் சேர்த்துவிட்டார். கார்லிஸத் தலைவர் ஃபல் கோந்தேயை அதற்கு முன்பே நாடு கடத்தியாகிவிட்டது. அரியணை தரவில்லை. ஆனால் நவார்ராவின் வரி உரிமையில் மட்டும் கை வைக்கவில்லை. தன்னை எதிர்த்த பாஸ்க் மாகாணங்களான பிஸ்காயாவிடமும் கிபுஸ்கோவாவிடமும் 1937 ஜூனில் அதே உரிமையைப் பிடுங்கினார். இந்த மக்களுக்கு எது வலிக்கும், எது இனிக்கும் என்பது அந்தச் சர்வாதிகாரிக்குத் தெரிந்திருக்கிறது, எதிரணிக்குத்தான் தெரியவில்லை.

பிற்காலத்தில், கார்லிஸப் பட்டத்துக்கு உரிமை கோரிய கார்லோஸ் ஊகோ என்ற இளவரசர் இயக்கத்தைச் சோஷலிசத்தின் பக்கம் திருப்பினார். அரசன் சொல்லே வேதம் என்றால் எல்லோரும் பின்னால் போயிருக்க வேண்டும். பெரும்பகுதி மரபுவாதிகள் விலகினார்கள். 1976 மே மாதம் மொந்தெஹுர்ரா மலையில் நடந்த வருடாந்திரக் கூட்டத்தில், எதிர்த் தரப்பின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி. 1978 ஸ்பெயின் அரசியலமைப்பு, 1876ஆம் ஆண்டின் அந்த ஒழிப்புச் சட்டத்தைப் பெயர் சொல்லி ரத்து செய்து, ஃபுவெரோஸ் இருந்த பகுதிகளின் வரலாற்று உரிமைகளை மதித்துக் காக்கிறது. அதே அரசியலமைப்பு அரியணையில் அமர்த்தியிருப்பது இசபெலின் வம்சத்தை. நவார்ரா அதற்காக மறுபடி மலையேறிச் சண்டைக்குப் போகவில்லையே, ஏன்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் தன் உரையைத் தொடங்கட்டும்.