அரியணை காலியானால் யார் உட்காருவார்?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைய வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'மலேசியாவின் இன்றைய மக்களாட்சியில் மாமன்னர் பதவி தூணா, அலங்காரமா?' என்பது தலைப்பு. தூண்தான் என்று சொல்ல வந்திருக்கிறோம். எதிரணித் தலைவர், "தேர்தலில் நிற்காதவருக்குத் திருமுடி எதற்கு?" என்று கேட்டு நிறையக் கைதட்டல் வாங்கிவிட்டார். ஐயா, அவர் தேர்தலில் நிற்காததால்தான் எங்களுக்கு அவர் வேண்டும்!

2020 பிப்ரவரி 24. பிரதமர் மகாதீர் பதவி விலகுகிறார். யார் எந்தப் பக்கம் என்று கட்சிக்காரர்களுக்கே தெரியவில்லை. மாலையில் ஒரு கணக்கு, ராத்திரியில் ஒரு கணக்கு. ஆளுக்கொரு பட்டியலைக் காட்டி 'பெரும்பான்மை எங்களிடம்' என்கிறார்கள். அப்போதைய மாமன்னர் சுல்தான் அப்துல்லா எந்தப் பட்டியலையும் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களை ஒவ்வொருவராகத் தன் அரண்மனையான இஸ்தானா நெகாராவுக்கு வரவழைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து, 'நீங்கள் யாரை ஆதரிக்கிறீர்கள்?' என்று நேரில் கேட்டார். வாசலில் வெயிலில் காத்துக்கிடந்த செய்தியாளர்களுக்கு முதல் நாள் மெக்டொனால்ட்ஸ், மறுநாள் கேஎஃப்சி. சாப்பாட்டில்கூட ஒரு பக்கம் சாயவில்லை, கவனித்தீர்களா?

மார்ச் 1ஆம் தேதி முகிதீன் பிரதமராகப் பதவியேற்றார். அந்த முடிவு பிடிக்காதவர்கள் இந்த அரங்கிலேயே பாதிப் பேர் இருப்பீர்கள். அது வேறு பட்டிமன்றம். அன்று தெருவில் கலவரம் இல்லை, ராணுவ லாரி இல்லை. அதுதான் என் கட்சி. பங்காளிச் சண்டையில் சொத்தில் பங்கு கேட்காத பெரியவர் ஒருவர் திண்ணையில் இருந்தால், அரிவாள் வெளியே வராது ஐயா.

"மன்னர் நினைத்தால் எதையும் செய்யலாமா?" என்று எதிரணித் தங்கை கோபப்பட்டார். முடியாதும்மா. பெரும்பான்மையினரின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்று மாமன்னர் கருதுகிறாரோ அவரைப் பிரதமராக்கு என்கிறது அரசமைப்புச் சட்டம். பிரதமரை நியமிப்பதிலும், நாடாளுமன்றத்தைக் கலைக்கச் சம்மதிப்பதிலும்தான் அவருக்குச் சொந்தத் தீர்மானம். மற்றபடி அநேகமாக எல்லாவற்றிலும் அமைச்சரவை சொல்வதுதான் நடக்கும். 1993இல் மாமன்னர், மாநில மன்னர்கள் ஆகிய ஆட்சியாளர்களின் சட்டப் பாதுகாப்பை நீக்கி, அவர்கள் மீதும் வழக்குத் தொடரச் சிறப்பு நீதிமன்றம் வந்தது. அடுத்த ஆண்டுத் திருத்தத்தின்படி, மாமன்னர் 30 நாளில் ஒப்புதல் தராவிட்டாலும் மசோதா சட்டமாகிவிடும். இத்தனையும் கழிந்த பிறகும் அந்தப் பதவி அசையாமல் நிற்கிறது. ஏன்? கழித்ததால்தான் நிற்கிறது! எல்லா அதிகாரத்தையும் கையில் இறுக்கிப் பிடித்த ரஷ்ய ஜார் மன்னர்கள் 1917க்குப் பிறகு எங்கே?

'பிறப்பால் வரும் பதவி' என்றும் ஒரு குற்றச்சாட்டு. சுல்தான் பதவி பிறப்பால் வருவதுதான், மறுக்கவில்லை. மாமன்னர் பதவி அப்படியா? ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் கூடி ரகசிய வாக்கெடுப்பு நடத்தி ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஐந்தே ஆண்டு. முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த மாநிலத்துக்குப் போய்விட வேண்டும். 2024 ஜனவரியில் பகாங் சுல்தான் அப்துல்லா கிளம்பினார், ஜொகூர் சுல்தான் வந்தார். ஐந்து வருடம் முடிந்தது என்று இவ்வளவு சமத்தாக நாற்காலியை விட்ட அரசியல்வாதியை எதிரணி காட்டட்டும்!

சட்டைப்பையில் ஒரு ரிங்கிட் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பது இப்போதைய மாமன்னர் இல்லை. 1957இல் முதல் மாமன்னரான நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான். 1960இலேயே மறைந்தவர். அவருக்குப் பின் எத்தனையோ பேர் வந்தார்கள். ஒருவரும் 'என் படத்தைப் போடு' என்று நோட்டை மாற்றவில்லை. அலங்காரம் என்கிறீர்களே, அலங்காரப் பிரியர்கள் இப்படியா இருப்பார்கள்?

செலவு என்கிறார்கள். மன்னருக்குப் பதில் அதிபர் வந்தாலும், அவர் மாளிகைக்கும் தோட்டக்காரர் வேண்டும், கார் வேண்டும். மேலே போகிறேன்.

எதிரணியின் கனமான வாதம் ஒன்றுதான். "2021 ஜனவரியில் அவசரகாலப் பிரகடனத்துக்குச் சம்மதித்தவரும் இதே மாமன்னர் அப்துல்லாதானே?" ஆமாம், சம்மதித்தார். ஆனால் அதற்கு முந்தைய அக்டோபரில் அதே கோரிக்கை வந்தபோது, மற்ற ஆட்சியாளர்களோடு கலந்து பேசி, தேவையில்லை என்று திருப்பி அனுப்பினார். அதை ஏன் சொல்லவில்லை? 2021 ஜூலையில், அவசரச் சட்டங்களை ரத்து செய்ததாக அரசாங்கம் நாடாளுமன்றத்தில் அறிவித்தபோது, 'மாமன்னர் ஒப்புதல் இல்லாமல் ரத்தா?' என்று அரண்மனை பகிரங்கமாகவே அறிக்கை விட்டது. அடுத்த மாதமே பிரதமர் முகிதீன் பதவி விலகினார். பொம்மை இப்படிப் பேசுமா?

நடுவர் ஐயா மணியைத் தொடுகிறார். ஒரே ஒரு கேள்வியோடு முடிக்கிறேன். 2022 நவம்பர் தேர்தலில் எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மைக்கு வேண்டிய 112 இடம் கிடைக்கவில்லை. நாட்டின் வரலாற்றிலேயே முதல் தொங்கு நாடாளுமன்றம். கூட்டணித் தலைவர்கள் அன்வாரையும் முகிதீனையும் ஒன்றாக அழைத்து, சேர்ந்து ஆட்சி நடத்துங்கள் என்று மாமன்னர் சொல்லிப் பார்த்தார், முகிதீன் மறுத்துவிட்டார். மற்ற ஆட்சியாளர்களிடம் கலந்து பேசிய பிறகு, 24ஆம் தேதி அன்வார் பிரதமரானார். அந்த ஐந்து நாளும் எல்லாக் கட்சியும் கடிதத்தோடு ஓடிய வாசல் ஒன்றுதான். அந்த வாசல் இல்லாவிட்டால் கடிதத்தை யாரிடம் கொடுத்திருப்பார்கள்? 'அதிபரிடம்' என்பீர்கள். அந்த அதிபரைத் தேர்ந்தெடுத்தது யார்? அடித்துக்கொண்டு நிற்கும் அதே கட்சிகள்தானே! அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.