நடை எங்கே போயிற்று?

(நாகர்கோவிலில் நண்பர்கள் நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம். அழைப்பிதழில் ஆவணப்பட இயக்குநர், படத்தொகுப்பாளர், ஆசிரியர் என்று மூன்று பட்டங்கள் போட்டிருக்கிறீர்கள். மூன்றும் சேர்ந்தால்தான் என் வீட்டு வாடகை தேறுகிறது. படம் எடுப்பது செலவுக் கணக்கு. வரவெல்லாம் வகுப்பிலிருந்தும், ஊரார் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவதிலிருந்தும்தான்.

ஆவணப்பட வேலையில் நமக்கு முன்னோடி ஏ.கே. செட்டியார். 1937இல் கப்பலில் போகும்போது காந்தியைப் பற்றிப் படமெடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. உலகம் சுற்றி, பலர் எடுத்திருந்த 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். 1940இல் திரைக்கு வந்தது 12,000 அடி. அவர் தேடிய கதையை எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கோ மீதி 38,000 அடியின் மேல்தான் நினைப்பு. எதை விட மனமில்லாமல் விட்டாரோ! தொகுப்பாளனின் தூக்கம் கெடுவது அங்கேதான்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒருவரைப் படமெடுத்தேன். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே தோட்டத்தில் இறங்கிவிடுவார். அவர் நெற்றி விளக்குதான் என் கேமராவுக்கும் வெளிச்சம். பழைய வெட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடுவார். கத்தி சாய்வாக இறங்கும். பட்டைச் சீவல் சுருண்டு விழும். வெட்டிய கோட்டில் வெள்ளை துளிர்த்து, வழிந்து, சிரட்டையில் சொட்டும்.

பார்க்கச் சலிக்காத காட்சி. மரத்தோடு மரத்தை ஒட்டினேன்: வெட்டு, சொட்டு, வெட்டு, சொட்டு. 22 நிமிடம். தாளம் பிடிபட்டுவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

முதல் திரையிடல் அவர் வீட்டுச் சுவரில். கட்டன் சாயாவைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "படம் நன்றாக இருக்கிறது சார். ஆனால் நான் நடக்கவே இல்லையே? ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் பறந்தா போகிறேன்?"

தினம் முந்நூறு மரம். மேடும் பள்ளமுமான நிலம். அவருடைய முட்டிவலி முழுக்க அந்த நடையில் இருக்கிறது. அதைத்தான் 'சும்மா போகிறார்' என்று நான் வெட்டி எறிந்திருக்கிறேன்.

மறுபடி உட்கார்ந்தேன், படம் 31 நிமிடமாயிற்று. ஒரு விழாவில் நீளம் என்று திருப்பி அனுப்பினார்கள். போகட்டும். இப்போது மாணவர்களுக்கு என் முதல் பயிற்சியே, வடசேரி சந்தையில் மூட்டை சுமக்கும் ஒருவரை லாரியிலிருந்து கடைவரை வெட்டாமல் எடுத்து வருவது. பலரும் மூட்டை இறங்கும் இடத்தை மட்டும் எடுத்து வருகிறார்கள்.

புதிய படத்தையும் அதே சுவரில் காட்டினேன். கல்லூரியில் படிக்கும் அவர் மகள், "தினமும் இவ்வளவு தூரமா அப்பா?" என்றாள்.

"மழை பெய்தால் கிடையாது மக்களே," என்றார். "அன்றைக்குக் கூலியும் கிடையாது."