போன் சொன்ன பூஜ்யம்

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று பேசுகிறேன். ஆனி மாதக் காற்று, மைக்கில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாண்டு பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு இயற்பியல் மாட்யூல் தயாரிக்கிறேன் என்று போன தடவை சொன்னேன் இல்லையா? முதலில் எடுத்தது 40 நிமிட வீடியோ. போட்டுப் பார்த்தால் பாதியில் எனக்கே கண்ணைச் சொக்குகிறது. இப்போது ஆறு நிமிடத் துண்டுகள். முதலில் கேள்வி வரும்; விடையை அமுக்கினால்தான் மேலே ஓடும். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்காக முடுக்கம், ஆக்சிலரேஷன் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதோ இந்த எலுமிச்சம்பழத்தை மேலே எறிகிறேன்... பிடித்தாயிற்று. உச்சிக்குப் போனதே, அங்கே அதன் முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், எவ்வளவு? நிறையப் பேர் பூஜ்யம் என்றுதான் அமுக்குகிறார்கள். பூஜ்யமானது திசைவேகம். முடுக்கம் ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் அதே 9.8 மீட்டர்/வினாடி²தான், கீழ்நோக்கி. அதுவும் பூஜ்யமானால் பழம் அந்தரத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

இதை அளந்தே காட்டிவிடலாம் என்று, போனில் இருக்கும் முடுக்க சென்சாரின் அளவை வரைபடமாகக் காட்டும் ஃபைபாக்ஸ் செயலியை எடுத்தேன். ஜெர்மனியில் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, இலவசம். போனைத் தூக்கிப் போட்டுத் தலையணையில் விழவைத்து, வரைபடத்தைச் சரியாகப் பார்க்காமலே வீடியோவை ஏற்றிவிட்டேன். ராத்திரி ஒரு மாணவியிடமிருந்து செய்தி: "சார், போனே பூஜ்யம்னுதான் காட்டுது. எனக்கு மார்க் உண்டா?"

பார்த்தேன். கையில் அசையாமல் இருந்தவரை 9.8; பறந்த நேரம் முழுக்கப் பூஜ்யத்தை ஒட்டி ஒரு கோடு. சரி, வசமாக மாட்டினேன்!

போன் பொய் சொல்லவில்லை. சென்சாருக்குள்ளே நுண்ணிய எடை ஒன்று வில்போல வளையும் பிடியில் இருக்கிறது. அந்தப் பிடி எவ்வளவு வளைகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. மேசையில் சும்மா கிடந்தாலும் எடை தாழ்ந்து 9.8 காட்டும். பறக்கும்போது போனும் எடையும் ஒன்றாகவே விழுகின்றன, வளைய எதுவுமில்லை. கிணற்றில் குதிக்கும்போது வயிறு ஜிலீர் என்கிறதே, அந்த நேரம்தான் அது. அதோடு, அந்தப் பிள்ளை சொன்ன மாதிரி இருந்தால் உச்சியில் மட்டும்தானே பூஜ்யம் வர வேண்டும்? இது கையை விட்டதுமே வந்துவிட்டது.

அந்த வீடியோவை நீக்கவில்லை. அவள் கேட்டதையே மூன்றாம் துண்டின் முதல் கேள்வியாக வைத்துவிட்டேன்; மார்க்கும் அங்கேதான். நீங்களும் எறிந்து பாருங்கள், ஆனால் மெத்தைமேல். இந்தக் கண்ணாடிக் கீறல் தெரிகிறதா? தலையணை சின்னது.