வர முடியாதவர்களை நினைத்து நகரத்தைத் தேர்ந்தெடுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மழையையும் பாராமல் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்திருக்கும் சபையோரே, வணக்கம்.

சர்வதேசத் தொழில்நுட்ப மாநாட்டுக்கு நகரம் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த நகரத்தின் வசதியையா, இதுவரை வர முடியாமல் போனவர்களையா? இதுதான் தலைப்பு. வர முடியாமல் போனவர்களைத்தான் என்கிறது எங்கள் அணி; அதனால் கொழும்பு போன்ற நகரங்களுக்கும் மாநாடு வரவேண்டும் என்கிறோம். எதிரணித் தலைவர் வசதியின் பக்கம் நின்று சிங்கப்பூரைக் காட்டினார். விமானம் நேரே போகும், கரண்ட் போகாது, இலங்கையருக்கு விசாவும் வேண்டாம் என்றார். மூன்றும் உண்மை. ஆனால் அங்கே ஒரு வாரம் தங்க யார் காசு கட்டுவது? கம்பனி அனுப்பினால் போகலாம். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் பிள்ளையை யார் அனுப்புவார்?

ஐரோப்பா என்றால் கதையே வேறு. வங்கிக் கணக்கு விபரம், வேலைத்தலக் கடிதம், அழைப்புக் கடிதம், திரும்பி வருவார் என்று காட்ட வீட்டுக் காணி உறுதி. அந்த நாட்டுக்குக் கொழும்பில் தூதரகம் இல்லையென்றால் கடவுச்சீட்டு புது டெல்லி வரை போய் வரவேண்டும். அதற்குள் டிக்கெட் விலை ஏறிவிடும். விசா மறுக்கப்பட்டால் கட்டிய கட்டணமும் போய்விடும். இத்தனை பாடும் எதற்கு? தான் எழுதிய நிரலைப் பற்றிப் பேசுகிற அறைக்குள் நுழைவதற்கு!

காணொளியில் கலந்துகொள்ளலாமே என்றார் இரண்டாவது பேச்சாளர். மேடைப் பேச்சைக் கேட்கலாம், சரி. தேநீர் வேளையில் இரண்டு பேர் ஒரே மடிக்கணினி மேல் குனிந்து, “இந்த இடத்தை மாற்றிப் பார்ப்போமா?” என்று கதைப்பதில் எப்படிக் கலந்துகொள்வது? பாதி வேலை அங்கேதான் முடிகிறது.

இணையத்தில் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் என்ற அமைப்பு, கூட்டத்துக்கு இடம் தேர்வது எப்படி என்று 2020-இல் ஓர் ஆவணமே வெளியிட்டது, ஆர்எஃப்சி 8718. நுழைவு விதிகளின் சிரமம் எப்போதும் அதே ஆட்களின் தலையில் விழாதபடி இடங்களை மாற்றி மாற்றி வைக்க வேண்டும் என்கிறது அது. எங்கள் அணியின் வழக்கு முழுவதும் இதற்குள் இருக்கிறது, நடுவர் அவர்களே. ஆனால் 1986 முதல் கூடிவரும் அதே அமைப்பு தெற்காசியாவில் இதுவரை ஒருமுறைகூடக் கூடவில்லை. டெபியன் என்ற இலவசக் கணினி இயங்குதளத்தை உருவாக்கும் தன்னார்வக் குழுவினரைப் பாருங்கள். 2000-இல் பிரான்சில் தொடங்கிய அவர்களின் ஆண்டு மாநாடு, 2018-இல்தான் தாய்வானின் சிஞ்சு வழியாக ஆசியாவுக்குள் வந்தது. 2023-இல் கொச்சிக்கு வந்துவிட்டது. கொச்சி ஒன்றும் சிங்கப்பூர் இல்லை. அங்கே உழைக்கத் தயாரான ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

எதிரணி எழுப்பியதில் கனமான கேள்வி ஒன்று உண்டு. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்களை முடக்கிய இலங்கையில் இணைய மாநாடா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதே ஆர்எஃப்சி 8718-உம் தடையில்லாத இணைப்பு வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆனால் 2010-இல் ஐஇடிஎஃப், இணையத்தை வடிகட்டும் சீனாவின் பெய்ஜிங்கில் கூடியபோது, மாநாட்டு வலையமைப்புக்கு வடிகட்டாத இணைப்பு கிடைத்தது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா? மாநாடு வேண்டுமென்றால் முடக்க மாட்டோம் என்று எழுதித் தா என அரசிடம் கேட்போம். மாநாடே வராவிட்டால் அப்படிக் கேட்க நமக்கு என்ன பிடி இருக்கிறது?

மண்டபம் ஒரு பிரச்சினையே இல்லை. பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் 1976-இல் அணிசேரா நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள். அது அரசியல் மாநாடு என்பீர்கள். சரி, 2016-இல் ஏப்நிக் 42 என்ற ஆசிய பசிபிக் இணைய மாநாடு இதே கொழும்பில்தான் நடந்தது.

மணி அடிக்கும் முன் ஒரு கேள்வி. 2004 சுனாமிக்குப் பிறகு இந்த நாட்டுத் தன்னார்வலர்கள் நிவாரணப் பணிகளை ஒழுங்குபடுத்த சஹானா என்ற திறந்த மூல மென்பொருளை, அதாவது யாரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தக்கூடிய மென்பொருளை, எழுதினார்கள். பிறகு அது வேறு நாடுகளின் பேரிடர்களுக்கும் கைகொடுத்தது. அவர்களுக்குப் பின்னால் வந்த தம்பி தங்கைகள் இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து நிரல் எழுதுகிறார்கள். நீங்கள் சொல்லும் நகரத்தில் மாநாட்டை வைத்தால், அவர்களில் எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள்? எதிரணியின் அடுத்த பேச்சாளர் அதற்குப் பதில் சொல்லட்டும்.