நன்கொடை கொடுத்தால் வருமான வரியில் எவ்வளவு திரும்பும்?

[திரையில்: காரைக்குடி வீதி, அதன்பின் ஒரு கோவில் திருப்பணி ரசீது]

வணக்கம். வணிகத்தில் வந்த லாபத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்துவைத்து, அதைக் கோவிலுக்கும் கல்விக்கும் சத்திரத்துக்கும் செலவிடும் வழக்கம் செட்டிநாட்டில் தலைமுறைகளாக இருந்துவருகிறது. இன்றும் கும்பாபிஷேகம் என்றாலும் பள்ளிக் கட்டடம் என்றாலும் இங்குள்ளவர்கள் தயங்காமல் கொடுக்கிறார்கள். கொடுத்த பிறகு, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, "வரியில் இதற்கு எவ்வளவு திரும்ப வரும்?" என்று கேட்கிறார்கள். 2025-26 நிதியாண்டின் விதிகளை வைத்து இதற்கு விடை காண்போம். பிரிவு எண்களை 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி சொல்கிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த எண்கள் மாறுகின்றன.

ரீஃபண்ட் என்பது நன்கொடைப் பணம் திரும்பி வருவதன்று. ஆண்டு முழுவதும் உங்கள் சம்பளத்திலோ வங்கி வட்டியிலோ டி.டி.எஸ். (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துச் செலுத்தும் வரி) ஆகப் பிடித்த வரி, நீங்கள் உண்மையில் கட்டவேண்டிய வரியைவிட அதிகமாக இருந்தால், அந்த மிகுதிதான் திரும்பி வருகிறது. நன்கொடைக்குக் கழிவு தரும் 80ஜி பிரிவின்படி நன்கொடை உங்கள் வரியை நேரடியாகக் குறைப்பதில்லை. வரி விதிக்கப்படும் வருமானத்தைக் குறைக்கிறது. அந்தக் குறைவுக்கு உரிய வரி மட்டுமே மிச்சமாகும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 80ஜி கழிவு, பல கழிவுகளையும் விலக்குகளையும் தரும் பழைய வரி முறையில் மட்டுமே கிடைக்கும். 2023-24 நிதியாண்டு முதல் நாமாக எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறைதான் பொருந்தும். அதில் எத்தனை லட்சம் நன்கொடை கொடுத்திருந்தாலும் கழிவு இல்லை. புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை சம்பளம், வட்டி போன்ற சாதாரண வருமானம் உள்ளவருக்கு 87ஏ தள்ளுபடியால் வரியே வராது என்பதால், அவர் நன்கொடைக்காகப் பழைய முறைக்குப் போனால் பெரும்பாலும் நட்டமே மிஞ்சும். ஆகவே ரசீதை எடுப்பதற்கு முன் இரண்டு முறையிலும் வரியைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

[திரையில்: இரண்டு பத்திகளாகக் கணக்கு]

ஓர் எடுத்துக்காட்டைப் பொறுமையாகப் பார்ப்போம். சென்னையில் வேலை பார்க்கும் காரைக்குடிக்காரர் ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 20 லட்சம். புதிய முறையில் சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் நிலைக்கழிவு 75,000 ரூபாய் போக 19,25,000 ரூபாய்க்கு, வரியின் மேல் 4 சதவீத செஸ் (கூடுதல் தீர்வை) உட்பட, 1,92,400 ரூபாய் வரி. நிறுவனமும் அந்த அளவுக்கே டி.டி.எஸ். பிடித்திருக்கிறது. பழைய முறையில் வீட்டு வாடகைப்படி விலக்கு இரண்டரை லட்சம், வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், நிலைக்கழிவு 50,000 போக மொத்த வருமானம் 15 லட்சம். 80சி (சேமிப்பு, காப்பீடு போன்றவை) முதலான கழிவுகள் 2 லட்சம் போனால் 13 லட்சம். அதற்கு வரி 2,10,600 ரூபாய். நன்கொடை இல்லையென்றால் அவருக்குப் புதிய முறையே லாபம்.

இவர் 80ஜி பதிவு பெற்ற ஒரு மருத்துவமனை அறக்கட்டளைக்கு ஒரு லட்சம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய அறக்கட்டளைகளுக்குக் கொடுப்பதில் பாதிதான் கழிவு, அதாவது 50,000. பழைய முறை வரி 1,95,000 ஆகக் குறைகிறது. ஆனாலும் புதிய முறையைவிட 2,600 ரூபாய் அதிகம். எனவே இந்த நன்கொடையால் அவருக்கு ரீஃபண்ட் எதுவும் இல்லை. அதே ஒரு லட்சத்தைத் தமிழ்நாடு முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கோ பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கோ கொடுத்திருந்தால், முழுத் தொகையும் உச்சவரம்பின்றிக் கழியும். பழைய முறை வரி 1,79,400 ஆகும். அவர் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்து அதில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால் 13,000 ரூபாய் ரீஃபண்ட் வரும். 30 சதவீத வரிப் படிநிலையில் இருப்பதால் ஒரு லட்சத்துக்கு 31,200 மிச்சம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இவருக்கு உண்மையில் கைக்கு வருவது 13,000 மட்டுமே.

அறக்கட்டளை நன்கொடைக்கு உச்சவரம்பும் உண்டு. மற்ற கழிவுகளும் நீண்டகால மூலதன ஆதாயம் போன்ற சிலவும் போக மிஞ்சும் வருமானத்தில் 10 சதவீதம் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். நம் நண்பருக்கு அது 1,30,000 ரூபாய். அவர் ஒரே ஆண்டில் 2 லட்சம் கொடுத்தால் 1,30,000இல் பாதியான 65,000 மட்டும் கழியும். மீதி 70,000 ரூபாயை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. மார்ச்சில் ஒரு லட்சம், ஏப்ரலில் ஒரு லட்சம் என்று பிரித்துக் கொடுத்தால் இரண்டு ஆண்டுகளிலும் 50,000 வீதம் கழிவு கேட்கலாம். கட்டடப் பணி எப்படியும் பல மாதங்கள் நடப்பதால், இப்படித் தவணையாகத் தருவது அறக்கட்டளைக்கும் இடைஞ்சலாக இருக்காது.

எவையெல்லாம் கழிவுக்கு வராது என்பதில்தான் நம் பகுதியில் அதிகம் தடுமாறுகிறார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை; காசோலை, வங்கிப் பரிமாற்றம், யுபிஐ ஆகியவை ஏற்கப்படும். பொருளாகத் தருவது எதுவும் சேராது. பழனிக்குப் பாதயாத்திரையாகக் காவடி எடுத்துச் செல்பவர்களுக்கு வழியில் சோறு போடுவதும், அன்னதானத்துக்கு அரிசி மூட்டை இறக்குவதும், முன்னோருக்குச் செய்யும் வீட்டுப் படைப்பும் போற்றத்தக்கவை. ஆனால் வரிக் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். அப்படி ஒருவர் இன்று வழங்கினால் பணத்துக்கு மட்டுமே 80ஜி பொருந்தும், நிலத்துக்குப் பொருந்தாது.

கோவில் நன்கொடையில் இன்னும் கவனம் வேண்டும். வரலாற்று அல்லது கலைச் சிறப்புடையது என்றோ, மாநிலம் முழுதும் புகழ்பெற்ற வழிபாட்டுத் தலம் என்றோ மத்திய அரசு அறிவிக்கை செய்த கோவிலுக்கு, அதுவும் புதுப்பிப்புக்கோ பழுதுபார்ப்புக்கோ கொடுப்பதற்குத்தான் பாதி கழிவு, அதே 10 சதவீத வரம்புக்குள் கிடைக்கும். பூசைக்கும் திருவிழாவுக்கும் குடும்பக் கணக்கில் செலுத்தும் புள்ளி வரியை இதில் சேர்க்கலாகாது. ஒரு குறிப்பிட்ட சமயத்தாருக்கோ சாதியாருக்கோ மட்டும் பயன்படும் அறக்கட்டளைக்குப் பொதுவாக 80ஜி பதிவு கிடைக்காது. உங்கள் ஊர் விடுதிக்கோ திருமண மண்டபத்துக்கோ பணம் கொடுக்கும் முன், அதன் விதிமுறைப் பத்திரத்தில் யாருக்காக என்று எழுதியிருக்கிறது என்பதைக் கேட்டுப் பாருங்கள். இப்படிக் கேட்பதை மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

[திரையில்: ஃபார்ம் 10பிஇ மாதிரி]

அச்சடித்த ரசீது மட்டும் இப்போது போதாது. அறக்கட்டளை, ஆண்டு முடிந்து மே 31க்குள் நன்கொடையாளர் விவரங்கள் அடங்கிய ஃபார்ம் 10பிடி அறிக்கையைத் தாக்கல் செய்து, உங்களுக்கு ஃபார்ம் 10பிஇ சான்றிதழ் தரவேண்டும். அதில் உங்கள் பான் எண்ணும் தொகையும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். கணவர் கணக்கிலிருந்து போன பணத்துக்கு மனைவி பெயரில் சான்றிதழ் வந்திருந்தால், ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே அறக்கட்டளையிடம் சொல்லித் திருத்த அறிக்கை தாக்கல் செய்யச் சொல்லுங்கள். நிறுவனங்கள் 80ஜி கழிவைப் பெரும்பாலும் டி.டி.எஸ். பிடிக்கும்போது பார்ப்பதில்லை என்பதால், நிறுவனம் தரும் டி.டி.எஸ். சான்றிதழான ஃபார்ம் 16இல் அது இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ரிட்டர்னின் 80ஜி அட்டவணையில் நீங்களே நிரப்பிக்கொள்ளலாம்.

ரசீது இல்லாமலே ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் பேசுபவர்களிடம் உங்கள் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுக்காத நன்கொடையைக் காட்டியது கண்டுபிடிக்கப்பட்டால், வரியையும் வட்டியையும் கட்டுவதோடு, அந்த வரியைப் போல் இரு மடங்கு வரை அபராதம் விதிக்க 270ஏ பிரிவு இடம் தருகிறது. ரிட்டர்னைத் தயாரித்தவர் யாராக இருந்தாலும் அந்த நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.