வயிறு வலிக்குது டீச்சர்

(திரையில்: வகுப்பறை வாசல். புத்தகப் பையை இறக்காமல் நிற்கும் குழந்தை.)

"டீச்சர், வயிறு வலிக்குது."

இரண்டாம் வகுப்புக் குழந்தை இப்படிச் சொல்கிறது. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. உடனே பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பயம் வந்தால் வயிறு நிஜமாகவே வலிக்கும். மூளைக்கும் குடலுக்கும் நேரடி நரம்புத் தொடர்பு உண்டு. "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று நாம் சொல்லிவிடுவோம். ஏழு வயதுக் குழந்தைக்கு அந்தச் சொல் இன்னும் கைவரவில்லை, தெரிந்தது வயிற்றுவலிதான்.

அதனால், தொடக்கப் பள்ளியில் மனநலப் பாடத்தைச் சொற்களிலிருந்து தொடங்கலாம் என்பேன். இதில் தமிழ் நமக்குப் பெரிய துணை. நெஞ்சு படபடக்கிறது, தொண்டை அடைக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது, முகம் வாடிவிட்டது. உணர்ச்சி உடம்பில் எங்கே தெரியும் என்பதை நம் பேச்சே சொல்லிவிடுகிறது.

(திரையில்: கரும்பலகையில் ஒரு மனித உருவக் கோட்டோவியம். பிள்ளைகள் வண்ணம் தீட்டுகிறார்கள்.)

ஓர் உருவம் வரையுங்கள். "கோபம் வந்தா உடம்புல எங்க தெரியும்?" என்று கேளுங்கள். ஒரு பிள்ளை கையைக் காட்டும், இன்னொன்று காதைக் காட்டும். எல்லாமே சரியான பதில்தான். அப்புறம் மெல்ல நுட்பமான சொற்களுக்குப் போகலாம்: ஏமாற்றம், கூச்சம், பொறாமை, ஏக்கம். விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாதபோது வருவது கோபமா, ஏக்கமா? இந்த வித்தியாசம் பிடிபட்ட குழந்தை, அடிப்பதற்குப் பதில் "என்னையும் சேத்துக்கோ" என்று கேட்க வாய்ப்பு உண்டு.

பெயர் சொல்வதால் அப்படி என்ன ஆகிவிடும்? 2007இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க உளவியலாளர் மேத்யூ லீபர்மேன் குழுவினர் பெரியவர்களுக்குக் கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டி, மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைந்தது.

உணர்ச்சியை அடக்கி யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதியோ முழுதாக வளர 25 வயதை ஒட்டி ஆகும். கத்தி அழும் குழந்தையிடம் "பொறுமையா யோசி" என்றால் அதால் முடியாது. முதலில் உடம்பு அடங்க வேண்டும். மூச்சை இழுப்பதைவிட நீளமாக விட்டால் இதயத் துடிப்பு தணியும். காகிதக் காற்றாடியை ஊதி மெதுவாகச் சுழலவிடச் சொல்லுங்கள், போதும். ஆனால் இதை அமைதியான நாளில் பழக்குங்கள். நீச்சலை வெள்ளத்தில் வைத்துக் கற்றுத்தர முடியாதல்லவா?

(திரையில்: மண்டியிட்டு, குழந்தையின் கண் உயரத்துக்கு வரும் ஆசிரியை.)

"ஏன் அழற?" என்ற கேள்விக்குப் பல நேரம் குழந்தையிடமே பதில் இருக்காது. "என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் எளிது. "கோபம் வரலாம், அடிக்கக் கூடாது" என்று உணர்ச்சியையும் செயலையும் பிரித்துச் சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் மனதைத் திறக்க யாரையும் வற்புறுத்த வேண்டாம். அது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத பழக்கம்.

பாட நேரம் வீணாகாதா என்று கேட்பவர்களுக்கு: உணர்ச்சிகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் கற்றுத்தரும் 213 பள்ளித் திட்டங்களின் ஆய்வுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 2011இல் வந்தது. இவற்றைக் கற்ற மாணவர்கள் படிப்பிலும் முன்னேறியிருந்தார்கள். 100 பேர் வரிசையில் நடுவில் நிற்பவர் 11 இடம் முன்னே போவது போன்ற முன்னேற்றம் அது.

(திரையில்: ஆசிரியையின் காதருகே ஏதோ சொல்லும் குழந்தை.)

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். பேசக் கற்றுக்கொடுத்தால் குழந்தை பேசும். யாரோ தன்னைத் துன்புறுத்துவதாகவும் சொல்லலாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பு இல்ல. உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட நான் இதைச் சொல்லணும்" என்று சொல்லி, அன்றே பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவரிடம் போங்கள்.